அண்ணன் பெயரில் தம்பி ரத்தம்

"ரத்தத்தைப் பாத்து யாரு யாரைக் கட்டலாம்னு சொல்றதுக்கு நீ என்ன ஜோசியக்காரியா?"

கேட்டவர் என் அத்தையின் வீட்டுக்காரர். எனக்கு மாமா. கேட்ட இடம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாசல். சென்னையிலிருந்து ஐஸ் பெட்டியும் ரத்தக் குழாய்களுமாக நான் வந்து இறங்கிய காலை அது. ஊரில் பாதிப் பேர் சுற்றி நின்றார்கள். மாமாவுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும், எம்.எஸ்ஸி. இரண்டு வருடமும் அதைத்தான் படித்தேன். ஆனால் குரோமோசோம் என்று வாயைத் திறந்தால் கூட்டம் டீக்கடைக்குப் போய்விடும் என்பதும் தெரியும்.

"ஜோசியக்காரின்னா தட்சிணை கேப்பா மாமா. நான் கைய மட்டும்தான் கேக்குறேன், நீட்டுங்க" என்றேன்.

கூட்டம் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவருக்கு இரண்டு மகன்கள். பெரிய அத்தானுக்கு இருபத்தாறு வயது. பிடித்துக்கொள்ள சுவர் இல்லாமல் அவரால் நிற்க முடியாது. சின்ன அத்தான் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். அவருக்கு என் தங்கையைக் கட்டுவது என்று எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள். நான்தான் மூத்தவள், ஆனால் எனக்குப் படிப்புப் பைத்தியம் என்று ஊரே கைகழுவிவிட்டதால் பேச்சு தங்கையிடம் போய்விட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. சொல்லப்போனால் நிம்மதி. ஆனால் அவர்கள் இருவருக்கும் பிறக்கப்போகும் குழந்தை வரப்பில் நேராக நடக்குமா என்று அன்று எங்கள் வீட்டில் கவலைப்பட்ட ஒரே ஆள் நான்தான்.

எங்கள் ஊர் கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் தஞ்சாவூரை நனைத்து, மன்னார்குடியை நனைத்து, எங்களிடம் வந்து சேரும்போது வாய்க்காலின் அடியில் ஓர் ஈரமாக இருக்கும். அதுவும் வராத வருடங்கள் உண்டு. அதைத் தாண்டினால் உப்பளமும் சேறும்தான். கோடியக்கரைக்குப் போகிற சாலையிலிருந்து ஊருக்குள் தார் ரோடு வந்ததே நான் ஆறாவது படிக்கும்போது. தண்ணீர் இல்லாத ஊருக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அதனால் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிற நாலு ஊர்க்காரர்களும் எங்களுக்குள்ளேயே கொடுத்தோம், எடுத்தோம். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள். பிறகு சிங்கப்பூர் வந்தது, துபாய் வந்தது, வயல்கள் இறால் குட்டையாயின, ஓட்டு வீடுகள் மாடியாயின. இனிமேலாவது வெளியே சம்பந்தம் பேசுவார்கள் என்று நினைத்தேன். நடந்தது நேர் எதிர். சிங்கப்பூர் மாப்பிள்ளையை வெளியில் விடக்கூடாது என்று இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த நோய்க்கு எங்கள் ஊரில் தள்ளாட்டம் என்று பெயர். பத்து, பன்னிரண்டு வயது வரை ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் வரப்பில் நடக்கிற பிள்ளை சேற்றில் கால் வைக்கும். மறுநாளும் வைக்கும். "மாடு மாதிரி எங்கடா பாத்துட்டு நடக்குற" என்று முதுகில் ஓர் அடி விழும். இருபது வயதில் சுவர் வேண்டும். பேச்சு குழறும். புத்தி மட்டும் கூராக இருக்கும், அதுதான் கொடுமை. குடித்திருக்கிறார் என்று பெரிய அத்தானைப் பேருந்திலிருந்து இரண்டு முறை இறக்கிவிட்டிருக்கிறார்கள். நாலு ஊரிலும் சேர்த்து இப்படி ஒன்பது பேர் இருந்தார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா நாற்றங்கால் விட்டவர், அம்மா நடவு நட்டவர், இருவரும் கைநாட்டு. கல்லூரிப் பாடப் புத்தகத்தில், நெருங்கிய உறவுக்குள் மணம் செய்கிற குடும்பங்கள் என்று ஒரு படம் இருந்தது. வட்டங்களும் சதுரங்களும் கோடுகளும். வகுப்பில் எல்லோரும் தேர்வுக்காக அதை வரைந்தார்கள். நான் எங்கள் தெருவைப் பார்த்தேன். சென்னையில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்ததும் முதல் வாரமே அங்கே தலைவியாக இருந்த மேடத்திடம் போய், இந்தப் படத்தைப் போலவே எங்கள் ஊர் இருக்கிறது என்று சொன்னேன். இந்தத் திட்டம் அப்படித்தான் பிறந்தது. இதை நான் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன்.

வேலை கேட்பதற்கு எளிது. நோய் வர வேண்டுமானால் பழுதான ஜீன் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டும் சேர வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் ஆள் நன்றாகவே இருப்பார். தன்னிடம் அது இருப்பதே அவருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட இருவர் மணந்துகொண்டால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பழுது ஏதோ ஒரு முப்பாட்டனிடமிருந்து வந்திருக்க வேண்டும். அப்படியானால் ஒன்பது பேரின் ரத்தத்திலும் ஏதாவது ஒரு குரோமோசோமில் ஒரே ஒரு துண்டு மட்டும் அப்பா தந்ததும் அம்மா தந்ததும் அச்சடித்த மாதிரி ஒன்றாக, இரட்டையாக இருக்க வேண்டும். அந்தத் துண்டு எது என்று தேடுவதுதான் வேலை.

அன்றைய ரத்த முகாமை நான் எவ்வளவு ஒழுங்காக நடத்தினேன் தெரியுமா? சென்னையிலிருந்து கிளம்பும் முன்பே ஒவ்வொரு குழாயிலும் பெயரும் எண்ணும் எழுதி ஒட்டிவிட்டேன். வரிசைப்படி அடுக்கிவிட்டேன். நரம்பு டாக்டர் அதற்கு முந்தின மாதமே வந்து நோயாளிகளை நடக்கவைத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். ரத்தம் எடுக்க நாகப்பட்டினத்திலிருந்து ஒரு நர்ஸ் அக்கா வந்தார். மாமாவின் ரத்தத்தை அவர் எடுக்கிற வரை கூட இருந்துவிட்டு, நான் அடுத்த வகுப்பறைக்குப் போய்ப் பெண்களை உட்காரவைத்து யாருக்கு யார் என்ன முறை என்று விசாரித்து வம்சப் படம் வரைந்தேன். உறவுக்குள் மணம் என்றால் இரட்டைக் கோடு போட வேண்டும். சாயங்காலம் பார்த்தால் ஒற்றைக் கோட்டைத் தேட வேண்டியிருந்தது. குழாய்கள் எல்லாம் நிறைந்திருந்தன, ஒன்றுகூட விடுபடவில்லை. ஐஸ் பெட்டியை மூடும்போது என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஏழு மாதம் வேலை. ரத்தத்திலிருந்து பிரித்த டி.என்.ஏ.வை ஓடவிட ஜெல் ஊற்றுவது, அதில் கோடுகள் தெரிய வெள்ளிச் சாயம் போடுவது, கோடுகளை எண்ணுவது, மறுபடி ஜெல் ஊற்றுவது. கடைசியில் அந்தத் துண்டு தென்பட்டது. ஏழு பேருக்கு அது இரட்டையாக இருந்தது. பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்திக்கும் பெரிய அத்தானுக்கும் மட்டும் இல்லை.

"டியூப் மாறியிருக்கு" என்றார் மேடம்.

"மாறாது மேடம். நான் கிளம்பறதுக்கு முன்னாடியே பேர் ஒட்டிட்டேன்."

"அப்ப இங்க மாத்தியிருக்கே."

எனக்குக் காது சூடாகிவிட்டது. மூன்று முறை முதலிலிருந்து செய்தேன். மூன்று முறையும் அதே கோடுகள். மாமாவோடும் அத்தையோடும் ஒப்பிட்டுப் பார்த்தால் பிள்ளை அவர்கள் பிள்ளைதான், சந்தேகமே இல்லை. அந்தப் பெண் வீட்டில் அவள் பெயருக்கு மட்டும்தான் குழாய் இருந்தது, ஒப்பிட வழியில்லை. ஆனால் அந்தத் துண்டு ஒற்றையாகத்தான் இருந்தது. இரட்டை இல்லாமல் எப்படித் தள்ளாடுகிறார்? எங்கள் ஊரில் இரண்டு நோய் இருக்கிறதோ என்று மேடம் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். அப்படியானால் இதுவரை செய்ததெல்லாம் வீண்.

ஊருக்குப் போனேன். அத்தை வீட்டில் புதிதாக டைல்ஸ் போட்டிருந்தார்கள். அதில் பெரிய அத்தானால் கால் ஊன்றவே முடியாது. அதை யாரும் யோசிக்கவில்லை. அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அத்தான், முகாமுல உங்ககிட்ட ரத்தம் எடுத்தப்ப என்ன நடந்துச்சு? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் பிடித்துப் பிடித்துப் பேசினார். "ஏ படிச்ச புள்ள. என்னைய எந்த ஊசியும் குத்தலயே. நான் அன்னிக்கு வீட்டை விட்டே நவுறல."

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை ஒளிவுமறைவே இல்லாமல், முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்திக்கொண்டே சொன்னார்: "சின்னவன் லீவுல வந்திருந்தான்ல, அவன் போயி குடுத்துட்டு வந்தான். இவன் உடம்புல இருக்குறதே கொஞ்சம். அதையும் எடுத்துட்டா எப்படி நிப்பான்?"

"அத்தை! பேரு இவரோடது!"

"ஆமா, பேரு கூப்பிட்டாங்களாம், நான்தான்னு உக்காந்தானாம். அண்ணன் தம்பி ரத்தம் ஒண்ணுதானடி? ஒரே வயித்துல பொறந்தவனுங்கதானே?"

"ஒண்ணு இல்ல அத்தை! ஒண்ணா இருந்தா சின்ன அத்தான் எப்படி சிங்கப்பூர்ல ஏணி ஏறி வெல்டிங் அடிக்கிறாரு?"

உள்ளேயிருந்து மாமா வந்தார். "எதுக்கு இப்ப கத்துற? ரேஷன் கடையில யாரு போனாலும் கார்டுக்குள்ளத குடுக்குறான்ல? வீட்டுக்கு ஒரு ஆளு வந்தா பத்தாதா ஒனக்கு?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஏனென்றால் அவர் சொன்னது எங்கள் ஊரில் நூற்றுக்கு நூறு உண்மை. புயல் நிவாரணப் புடவைக்கு அம்மா பெயரைக் கூப்பிட்டபோது வரிசையில் நின்றது நான். அப்பாவுக்குக் காய்ச்சல் என்றால் சித்தப்பா அவர் பெயரில் வாய்க்கால் தூர்வாரப் போவார். பெயர் வீட்டுக்கு, ஆள் யாராக இருந்தால் என்ன? இந்த ஊரிலேயே பிறந்து, இப்படியே வளர்ந்து, பெயர் எழுதிய குழாய்களை ஒரு வெளியூர் நர்ஸிடம் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய் உட்கார்ந்த எனக்கு எங்கே போயிற்று புத்தி?

நர்ஸ் அக்காவுக்கு போன் செய்து சண்டை போட்டேன். "நோயாளியா இல்லையான்னு நான் எப்படிம்மா பாக்குறது? எல்லாரும் உக்காந்துல்ல இருந்தாங்க!" என்றார். அவர் மேலும் தப்பில்லை. எல்லாத் தப்புக்கும் ஒவ்வொரு நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சல்.

மறுநாள் அவரை வரவழைத்து, ஒன்பது வீட்டுக்கும் கூடவே போனேன். பக்கத்து ஊர்ப் பெண்ணுக்குப் பதிலாக அவள் அம்மா கொடுத்திருந்தாள். "சின்னப் பொண்ணு, ஊசின்னா அழுவா" என்பது காரணம். சின்னப் பெண்ணுக்கு வயது பத்தொன்பது.

பெரிய அத்தானிடம் ரத்தம் எடுக்கும்போது அத்தை வாசலில் உட்கார்ந்து அழுதார். "அம்மா, ஒரு குழா ரத்தம்" என்றார் அவர். "இந்த ஊரு கொசு ஒரு வாரத்துல எடுக்குறத விட கம்மி." பிறகு என்னைப் பார்த்து, "நல்லா எடுத்துக்க. என்னையும் எவனாவது நேர்ல கூப்பிட்டானே" என்றார். குழாய் நிறைந்த பிறகுதான் அவர் எதிரிலேயே பெயர் எழுதினேன்.

வேதாரண்யத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும்போதுதான் மற்ற விஷயம் உறைத்தது. சண்டை போடுகிற மும்முரத்தில் அதை யோசிக்கவே இல்லை. பெரிய அத்தான் பெயரில் நான் மூன்று முறை பார்த்த கோடுகள் சின்ன அத்தானுடையவை. அந்தத் துண்டு ஒற்றையாக இருந்தது. அவரிடம் பழுது இருக்கிறது. என் தங்கை நாகப்பட்டினத்தில் டீச்சர் ட்ரெயினிங் ஹாஸ்டலில் இருந்ததால் முகாமுக்கு வரவில்லை; அவளிடம் இருக்கிறதா என்று தெரியாது. தை மாதம் கல்யாணம்.

புதிய குழாய்களின் கோடுகள் வந்தன. இருவருக்கும் அந்தத் துண்டு இரட்டை. ஒன்பதுக்கு ஒன்பது. மேடம் ஆய்வுக்கூடத்துக்கே இனிப்பு வாங்கிக் கொடுத்தார். நான் மேசையிலேயே வைத்துவிட்டு அவர் அறைக்குப் போனேன்.

"பழைய குழாயைத் தூக்கிப் போடு" என்றார். "அவர் தன் பேர்ல சம்மதம் கொடுக்கல. அந்த ரிசல்ட் நமக்குக் கிடையாது."

"எனக்குத் தெரிஞ்சு போச்சே மேடம். என் தங்கச்சி."

"தெரியும். அதனாலதான் சொல்றேன், நீ வாயத் திறக்கக் கூடாது. அவங்களா வந்து கேட்டா, பரிசோதிச்சு, உக்கார வெச்சு விளக்கிச் சொல்லலாம். நீயா போயி சொன்னா, ஜோசியக்காரியான்னு உங்க மாமா கேட்டாருன்னியே, அது உண்மையாயிடும்."

அவர் சொன்னது சரி. சரியாக இருந்தது என்பதற்காக என் எரிச்சல் குறையவில்லை. ஐந்து வருடம் கல்லூரியில் படித்து, ஏழு மாதம் ஜெல் ஊற்றி, நாலு ஊரிலேயே எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொந்தத் தங்கையிடம் சொல்லக் கூடாது.

நாகப்பட்டினம் போனேன். ஹாஸ்டல் வாசலில் வேப்பமரத்தடியில் நின்று பேசினோம். தாலி கட்டுவதற்கு முன் இருவரும் பரிசோதனை செய்துகொள்ளலாம், அப்படி ஒரு வழி இப்போது இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

"நீ படிச்சதுக்காக என் கல்யாணம் நிக்கணுமாக்கும்?"

"நிக்கணும்னு நான் சொன்னேனா? தெரிஞ்சுக்கிட்டுப் பண்ணுங்கன்னுதானே சொல்றேன்."

"அத்தானுக்கு ஏதாவது இருக்கா?"

"நான் எதுவும் சொல்லல."

"அதான் கேக்குறேன். நீ எதுக்கும் வாய் மூடுற ஆளா? சின்ன வயசுலேர்ந்து ஒனக்குத் தெரிஞ்ச எதையாவது சொல்லாம இருந்திருக்கியா?"

அவள் என்னை முறைத்துக்கொண்டு நின்றாள். கோபத்தில் அவளுக்கு மூக்கு சிவக்கும். பிறகு, "நான் பேசிக்கிறேன். நீ நடுவுல வராத" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சின்ன அத்தான் சிங்கப்பூரிலிருந்து கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்கு போன் செய்வார். அந்த ஞாயிறு தங்கையே ஹாஸ்டலிலிருந்து வந்து பூத்தில் உட்கார்ந்துகொண்டாள். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. வெளியே மாமா நின்றிருந்தார், நானும் நின்றிருந்தேன். வெளியே வந்தவள் மாமாவைப் பார்த்துத்தான் சொன்னாள்: "அத்தான் கார்த்திகைக்கே லீவு போட்டு வர்றாராம் மாமா. ரெண்டு பேரும் சென்னைக்குப் போறோம். அவங்கவங்க ரத்தம் அவங்கவங்க குடுக்கணும்னு சொல்லிட்டேன்."

"மண்டபம் சொல்லியாச்சு! பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு!"

"மண்டபம் எங்கயும் ஓடிடாது மாமா."

மாமா என் பக்கம் திரும்பினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குரல் இறங்கியிருந்தது. "ரெண்டு பேருக்கும் இருக்குன்னு வந்துட்டா, நிறுத்தச் சொல்லுவியா?"

"நான் எதுவும் சொல்ல மாட்டேன் மாமா. அவங்க என்ன செய்யலாம்னு மேடம் நாலு வழி சொல்லுவாங்க. கட்டிக்கிறதும் அதுல ஒண்ணு."

"பெரியவன் தள்ளாட ஆரம்பிச்சப்ப எனக்கு யாரும் ஒரு வழியும் சொல்லல" என்றார். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். பெல்லை அடித்துக்கொண்டே போனார், எதிரில் யாரும் வராத ரோட்டில்.

இப்போது ஐப்பசி முடியப்போகிறது. அவர்கள் இருவரின் ரத்தமும் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குத்தான் வரும். எல்லோரும் நான்தான் அதைப் பார்க்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் சில நாள் அப்படித்தான் நினைத்தேன். இந்தத் துண்டைக் கண்டுபிடித்தவள் நான், என்னைவிட வேகமாக அந்தக் கோடுகளைப் படிக்கிறவர் இங்கே யாருமில்லை. ஆனால் அவள் என்னிடம் நடுவில் வராதே என்று சொல்லியிருக்கிறாள். நேற்றுக் காலை மேடத்திடம் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். என் தங்கையின் குழாயையும் அவள் கட்டிக்கொள்ளப் போகிறவரின் குழாயையும் வேறொருவர் பரிசோதிக்க வேண்டும், குழாயில் எண் மட்டும் இருக்க வேண்டும், முடிவு அவர்கள் இருவரிடம் மட்டுமே சொல்லப்பட வேண்டும், என்னிடம் அல்ல என்று. மேடம் இரண்டு முறை படித்தார். "முடியுமா உன்னால?" என்றார். "கஷ்டம்தான் மேடம்" என்றேன். கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்துவிட்டார். குழாய்களை வைக்கிற குளிர்பெட்டியின் சாவியை நானே அடுத்த மேசைக்காரியிடம் கொடுத்துவிட்டேன்.